வீட்டில் ஒருவருக்குப் பரம்பரை இதயத் தசை நோய் என்றால்: குடும்பம் முழுவதற்கும் ஈசிஜி எடுக்க ஒரு வழிகாட்டி

என் தம்பி மயங்கி விழுந்தது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில். நாற்பது கிலோ சிப்பம் ஒன்றை லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நாலடி நடந்தவன் அப்படியே சரிந்தான். வயது 31. அன்று எடுத்த முதல் ஈசிஜியிலிருந்து, இது இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் என்று ஒரு மருத்துவர் உறுதியாகச் சொல்லும் வரை எட்டு மாதம் போனது. அப்புறம் அப்பா, தங்கை, நான், எங்கள் பிள்ளைகளில் சிலர், சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் என்று பதினான்கு பேருக்குப் பரிசோதனை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம். விஷயம் தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் இதில் பாதி அலைச்சல் இருந்திருக்காது. உங்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அலைந்த ஒரு அக்கா. எது நோய், என்ன மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் சரியான தாளுடன், சரியான ஆட்களுடன், சரியான கேள்வியுடன் போய் உட்காருவது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பது பெயர், ஆஸ்பத்திரியில் எச்.சி.எம். என்பார்கள். இதயத்தின் இடது கீழறைச் சுவர், பெரும்பாலும் நடுச்சுவர், வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் தடித்துவிடும். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பதால் அபூர்வ நோய் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரையாக வரும் குடும்பங்களில், நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு கிடையாது. பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் எழுபது வயது வரை இருப்பார்கள். சிலருக்கு முதல் அறிகுறியே மயக்கமாகவோ திடீர் மரணமாகவோ இருக்கும். வீட்டில் ஒருவருக்கு உறுதியானதும் மற்றவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். பார்ப்பதற்கு முதல் கருவி, மலிவான கருவி, எல்லா ஊரிலும் கிடைக்கிற கருவி ஈசிஜி. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதில் ஏதாவது மாற்றம் தெரியும். மீதி ஒருவருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் குடும்பத்தை ஒரு தாளில் வரையுங்கள்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு முழு வெள்ளைத் தாள் எடுத்து நடுவில் நோயுள்ளவரின் பெயர், மேலே அப்பா அம்மா, பக்கத்தில் அண்ணன் தம்பி அக்கா தங்கை, கீழே பிள்ளைகள். அதற்கு மேல் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா அத்தை மாமா. ஒவ்வொருவருக்கும் வயது, இறந்திருந்தால் எந்த வயதில், எப்படி.

அந்த "எப்படி" என்ற இடத்தில் நிறுத்தி விசாரியுங்கள். நம் பக்கத்தில் இளவயதில் வயலில் விழுந்து இறந்தவர்களை "பூச்சி தொட்டுடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். குளத்தில் இறந்தால் "நீச்சல் தெரியாம முங்கிட்டான்", உச்சி வெயிலில் இறந்தால் "காத்து அடிச்சிடுச்சு". எங்கள் சித்தப்பா 38 வயதில் நாற்று முடி சுமந்துகொண்டு வரப்பில் வரும்போது இறந்தார். பாம்பு என்றுதான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தியிடம் உட்கார்ந்து கேட்டபோது, அதற்கு முந்தைய வருடமே இரண்டு முறை படிக்கட்டு ஏறும்போது மயங்கியிருக்கிறார் என்று சொன்னார். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

ஐம்பது வயதுக்குள் திடீர் சாவு, ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயக்கம், வலிப்பு என்று சொல்லி மாத்திரை சாப்பிட்டவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள். இந்த நான்கையும் சிவப்பு மையில் குறியுங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் ஆனவர்களையும் குறியுங்கள். அத்தை மகள், மாமன் மகன் என்று கட்டிக்கொண்ட வீடுகளில் இரண்டு பக்கமும் ஒரே மரபணு வந்து சேர வாய்ப்பு உண்டு. அப்படி இரண்டு பிரதி வாங்கிய பிள்ளைக்கு நோய் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரக்கூடும்.

முதலில் பார்க்க வேண்டியவர்கள் நோயுள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். இவர்களில் ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். இப்படிப் படிப்படியாகத்தான் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஊரில் உள்ள சொந்தம் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

2. காகிதங்களைச் சேருங்கள்

நோயுள்ளவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட், ஈசிஜி தாள்கள் எல்லாம் ஒரு கோப்பில், தேதி வரிசையில். உறவினர் பரிசோதனைக்குப் போகும்போது இதன் ஜெராக்ஸ் அவர் கையில் இருக்க வேண்டும். "எங்க அண்ணனுக்கு ஏதோ ஹார்ட் ப்ராப்ளம்" என்று வாயால் சொன்னால் எழுதுகிற சீட்டே வேறு, "எச்.சி.எம்., நடுச்சுவர் 21 மி.மீ." என்ற ரிப்போர்ட்டைக் காட்டினால் எழுதுகிற சீட்டே வேறு. நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இறந்தவர்களுக்கு இறப்புச் சான்று. போலீஸ் வழக்குப் பதிவாகியிருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். அதில் இதயத்தின் எடை எழுதியிருப்பார்கள். வளர்ந்த ஆணின் இதயம் சாதாரணமாக 300 முதல் 350 கிராம். சித்தப்பாவின் அறிக்கை சித்தி வீட்டுத் தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. கார்பன் பிரதி, நீல எழுத்து மங்கிப்போயிருந்தது. "இதயம்: 540 கிராம்" என்ற ஒரு வரி மட்டும் தெளிவாகப் படிக்க முடிந்தது. தம்பியைப் பார்த்த மருத்துவர் மற்ற எல்லாத் தாளையும் ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு வரியைத்தான் இரண்டு தடவை படித்தார்.

இவற்றோடு ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றின் ஜெராக்ஸ் இருந்தால் நல்லது. வயது துல்லியமாகத் தெரிந்தால்தான் அவர்களுடைய ஈசிஜியைச் சரியாகப் படிக்க முடியும். ஏன் என்று 6-ல் வருகிறது.

3. எங்கே போவது, எப்போது போவது

ஈசிஜி மட்டும் என்றால் மன்னார்குடி, கும்பகோணம், பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம், காசு கிடையாது. ஆனால் இந்த நோயைத் தேடிப் போகும்போது எக்கோவும் இதய மருத்துவரும் ஒரே இடத்தில் இருப்பது நல்லது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாகப்பட்டினம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரத்தூரில் உள்ள புதிய மருத்துவக் கல்லூரி, மேற்கே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. எந்தக் கிழமையில் இதயப் பிரிவு ஓ.பி. நடக்கிறது, எக்கோ எந்த நாளில் என்று முதல் நாளே ஒருவர் போயோ போன் செய்தோ கேட்டுவிடுங்கள். கேட்காமல் போனால் ஒரு முழு நாள் வீணாகும். காலை ஓ.பி. மதியத்துக்குள் முடிந்துவிடும், சீட்டு வரிசைக்கு ஏழரை மணிக்கு நிற்பது போலக் கிளம்புங்கள்.

ஈசிஜிக்கும் எக்கோவுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முக்கியமாகப் பிள்ளைகளுக்கு இட்லியாவது கொடுத்து அழைத்துப் போங்கள். பசியில் அழும் பிள்ளைக்குக் கோடு ஒழுங்காக விழாது.

எல்லாரையும் சேர்த்து வைப்பதுதான் நிஜமான கஷ்டம். திருப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று இருப்பார்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ நடவு, அறுவடை. எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு நேரம். ஒன்று, சம்பா நடவு முடிந்து களை எடுப்புக்கு முன் கிடைக்கிற இடைவெளி. இன்னொன்று பொங்கலுக்கு எல்லாரும் வந்திருக்கும் வாரம். பொங்கல் விடுமுறையில் அரசு ஓ.பி. இருக்காது, விடுமுறை முடிந்த மறுநாளைக் குறிவையுங்கள். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு பேருக்கு மேல் ஒரே நாளில் கூட்டிப் போகாதீர்கள். தாள்கள் மாறிப்போகும். எங்களுக்கு மாறியது: என் தங்கையின் தாளில் சித்தி மகள் பெயர்.

4. வர மறுப்பவர்களிடம் பேசுவது

இதை ஒரு படியாகவே வைக்கிறேன். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பது ஆண்கள் சொல்வது. அவர்களிடம் நோயைப் பற்றிப் பேசாமல் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். "உங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சா பிள்ளைகளுக்கும் கவலை குறையும்ல" என்றதும் மூன்று பேர் வந்தார்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொல்வது வேறு. "வரன் பாத்துக்கிட்டிருக்கோம், இந்த நேரத்துல ஹார்ட்டு டெஸ்ட்டுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?" என் அத்தை இதைச் சொல்லி அழுதார். அவர் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்: உள்ளூரில் வேண்டாம், திருச்சிக்குப் போவோம், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ரிப்போர்ட் உங்கள் கையில்தான் இருக்கும். இந்த நோய் உள்ள பெண்கள் பெரும்பாலும் கண்காணிப்போடு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்; முன்னாலேயே தெரிந்தால் பிரசவத்தை இதய மருத்துவர் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் பிரசவ அறைக்குள் போவதுதான் ஆபத்து. அத்தை மூன்று மாதம் கழித்து, தானே போன் செய்து, "எப்ப போகலாம்?" என்று கேட்டார்.

5. ஈசிஜி அறைக்குள்

படுத்ததிலிருந்து எழுவது வரை பத்து நிமிடம்கூட ஆகாது. பதிவாவது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி சுத்தமாக இருக்க வேண்டும்.

மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் இல்லாமல் போங்கள். இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். முடி அடர்ந்திருந்தால் பட்டை ஒட்டுகிற இடத்தில் மழித்துவிடச் சொல்லலாம். பெண்கள் முன்பக்கம் திறக்கிற உடை போட்டுக்கொள்ளுங்கள். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கூச்சத்தால் உடையை விலக்காமல், கிடைத்த இடத்தில் ஒட்டி எடுத்த தாள் பயன்படாது. என் முதல் ஈசிஜி அப்படி எடுத்ததுதான்; மறுபடி போக வேண்டியதாயிற்று.

மொத்தம் பத்து ஒட்டுகள்: கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு. மார்பில் உள்ள ஆறும் தாளில் வி1 முதல் வி6 வரை என்று வரும். முதல் இரண்டும் மார்பெலும்புக்கு இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். அவசரத்தில் இவற்றை மிக மேலே, கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே ஒட்டிவிடுவது நடக்கிறது. அப்படி ஒட்டினால் இல்லாத மாற்றம் தாளில் தெரியும். விலா எலும்பை விரலால் எண்ணி ஒட்டுகிறாரா என்று கவனியுங்கள். பெண்களுக்கு நான்காவது, ஐந்தாவது ஒட்டு மார்பகத்துக்குக் கீழே வர வேண்டும், மேலே இல்லை.

ஏசி குளிரில் உடம்பு நடுங்கினால் கோடும் நடுங்கும். ஒரு துண்டு கேட்டுக் காலில் போர்த்திக்கொள்ளுங்கள். போனை வெளியே கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது பேசாமல், கையை உடம்போடு தளர்த்தி வைத்தால் போதும்.

அதே நாளில் ரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நீண்ட நாள் ரத்த அழுத்தம் இருந்தாலும் இதயச் சுவர் தடிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவருக்கு அந்த எண் தேவை.

6. தாள் கைக்கு வந்ததும்

அறையை விட்டு வெளியே வரும் முன் நான்கு விஷயம் பாருங்கள். பெயர், வயது, தேதி சரியாக இருக்கிறதா. ஓட்டம் விநாடிக்கு 25 மி.மீ. என்று அச்சாகியிருக்கிறதா. தாளின் ஓரத்தில் பெட்டி போல ஒரு கோடு எழும்பி இறங்கும், அது இரண்டு பெரிய கட்டம் உயரம், அதாவது 10 மி.மீ. இருக்கிறதா. ஏ.வி.ஆர். என்று எழுதிய வரியில் அலைகள் கீழ்நோக்கி இருக்கின்றனவா.

மூன்றாவது முக்கியம். தடித்த இதயத்தில் அலைகள் மிக உயரமாக எழும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்காகச் சில இயந்திரங்கள் தாமாகவே பாதி அளவுக்குச் சுருக்கிவிடும். அப்போது அந்தப் பெட்டிக் கோடு ஒரு கட்டம்தான் இருக்கும். அதைக் கவனிக்காதவர் பார்த்தால் எல்லாம் சாதாரணமாகத் தெரியும். நான்காவது தலைகீழாக இருந்தால் கை ஒயர்கள் இடம் மாறிப்போயிருக்கலாம். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

அப்புறம் மேலே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் வரி. அது இயந்திரம் சொல்வது. அந்த வரிதான் எங்களை எட்டு மாதம் அலையவைத்தது. தம்பியின் முதல் தாளில் "இன்ஃபீரியர் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட்" என்று இருந்தது. எப்போதோ மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆஞ்சியோ செய்தார்கள், ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. "பயப்பட ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். அடைப்பு இல்லையென்றால் அந்த அலை ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். ஒவ்வொரு பெரிய அலைக்கும் முன்னால் கீழ்நோக்கி ஒரு குத்து, கியூ அலை. மாரடைப்பு வந்து போன இடத்தில் அது அகலமாக இருக்கும். தம்பிக்கு ஊசியால் குத்தியது போல ஆழமாக, ஒடுக்கமாக இருந்தது. தடித்த நடுச்சுவர் வரைகிற கோடு அது. அடுத்து, வி4 முதல் வி6 வரை மேடாக எழும்ப வேண்டிய டி அலை பள்ளமாக விழுந்திருந்தது. இந்த இரண்டும், உயரமான அலைகளும் சேர்ந்துவந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். இதயத்தின் நுனி மட்டும் தடிக்கிற வகையில் அந்தப் பள்ளம் பத்து மி.மீட்டருக்கும் மேல் ஆழமாகக்கூட இருக்குமாம்.

நீங்களே பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம். ஒல்லியான இளைஞர்களுக்கும் நன்றாக ஓடி ஆடுகிறவர்களுக்கும் அலைகள் இயல்பாகவே உயரமாக இருக்கும். உயரம் மட்டும் நோய் ஆகாது. குழந்தைகளுக்கு வி1 முதல் வி3 வரை டி அலை தலைகீழாக இருப்பது இயல்பு. அதே மாற்றம் 14 வயதைத் தாண்டியவருக்கு இருந்தால் வலது கீழறையைப் பாதிக்கும் இன்னொரு பரம்பரை நோயை, ஏ.ஆர்.வி.சி. என்பார்கள், நினைத்துப் பார்க்க வேண்டிவரும். குழந்தையின் வயது சரியாகத் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காக.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எங்கள் குடும்பத்தில் எச்.சி.எம். இருக்கிறது. அதை மனதில் வைத்து இந்தத் தாளை நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா?" இதைக் கேட்காமல் "நார்மல்" என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள்.

தாளைக் காப்பாற்றுவது பற்றி. இது வெப்பத்தில் எழுதும் தாள், சில வருடத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போனில் படம் பிடித்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். தம்பி விழுந்த அன்று எடுத்த தாளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கடையில் கொடுத்தேன். சூடான உருளைக்குள் போன தாள், மறுபக்கம் முழுக் கருப்பாக வெளியே வந்தது. அதை இன்றும் வைத்திருக்கிறேன். ஒரு கோடு தெரியாது. நல்லவேளை, அந்த மருத்துவமனைக் கோப்பில் ஒரு நகல் இருந்தது. பழைய தாளும் புதிய தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பல நேரம் நோய் பிடிபடுகிறது. ஆகவே ஒரு தாளைக்கூடத் தொலைக்காதீர்கள்.

7. ஈசிஜி நன்றாக இருந்தாலும் எக்கோ

குடும்பப் பரிசோதனை என்றால் ஈசிஜியும் எக்கோவும் சேர்ந்தே. எக்கோவில் சுவரை மி.மீட்டரில் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல், வேறு காரணம் இல்லாமல் இருந்தால் இந்த நோய். ஏற்கெனவே நோய் உறுதியான குடும்பத்தில் 13 மி.மீ. இருந்தாலே போதும். குடும்ப விவரத்தை எக்கோ எடுப்பவரிடம் சொல்லாவிட்டால் 13 என்பதை "லேசான தடிப்பு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எங்கள் அப்பாவுக்கு முதலில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 66 வயது, இன்னும் மண்வெட்டி பிடிப்பவர், ஒரு நாள் மயங்கியது கிடையாது. அவரிடமிருந்துதான் தம்பிக்கு வந்திருக்கிறது.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் தடங்கல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது தெரியாத தடங்கல், மூச்சைப் பிடித்து முக்கும்போது தெரியும். தடங்கல் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நெஞ்சுவலி என்றதும் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இவர்களுக்கு அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி மயக்கத்தில் தள்ளிவிடலாம். மருத்துவரிடம் கேட்டு, "வைக்கக் கூடாது" என்றால் அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜியில் மாற்றம் இருந்து எக்கோவில் ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடக் கூடாது. நுனி தடிக்கும் வகை எக்கோவில் தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். பிள்ளைகளுக்குச் சுவர் தடிக்கும் முன்பே ஈசிஜி மாறத் தொடங்கலாம். தம்பி மகனுக்கு 11 வயதில் எக்கோ சுத்தமாக இருந்தது; ஈசிஜியில் அதே ஊசிக் குத்து. அவனை இப்போது வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். மயக்கம், படபடப்பு உள்ளவர்களுக்கு 24 அல்லது 48 மணி நேரம் மார்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவியும் எழுதுவார்கள்.

8. மரபணுப் பரிசோதனை

இதை முதலில் செய்ய வேண்டியது நோய் உறுதியானவருக்கு. அவருக்கு எந்த மாற்றம் என்று தெரியாமல் நல்லா இருப்பவருக்குச் செய்தால் பணம்தான் வீண். ஊதா மூடி போட்ட குப்பியில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். எங்களுக்கு முடிவு வர ஐந்து வாரம் ஆனது. எம்.ஒய்.பி.பி.சி.3, எம்.ஒய்.எச்.7 என்ற இரண்டு மரபணுக்களில்தான் அதிகமாக மாற்றம் கிடைக்கும்.

ரிப்போர்ட்டில் "பொருள் உறுதியில்லாத மாற்றம்" (நோயை உண்டாக்குமா என்று சொல்ல முடியாதது) என்று வந்தால் அதை வைத்து உறவினர்களைப் பரிசோதிக்க முடியாது. ஈசிஜி, எக்கோ வழியிலேயே தொடர வேண்டும். இன்னொன்று: எம்.ஒய்.பி.பி.சி.3-ல் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேர் வரை இருக்கிறது என்று 2009-ல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அது ரிப்போர்ட்டில் இருந்தால், இருக்கிறவர் எல்லாருக்கும் நோய் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

தம்பிக்கு நோயை உண்டாக்கும் மாற்றம் தெளிவாகக் கிடைத்தது. பிறகு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எங்களுக்குப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. "உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இனி இதற்காக ஈசிஜி தேவையில்லை" என்றார் மருத்துவர். பக்கத்து நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருந்தது. அவள் என் கையைப் பிடித்து, "உன் பிள்ளைங்க தப்பிச்சாங்கல்ல" என்றாள். முடிவைக் கேட்கப் போகும்போது எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். ஒவ்வொருவராகத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

9. செலவும் காப்பீடும்

அரசு மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோவுக்கு எங்களுக்குப் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். வெளியில் நாங்கள் கொடுத்தது: ஈசிஜி 250 ரூபாய், எக்கோ 1,800, ஹோல்டர் 2,500, எம்.ஆர்.ஐ. 9,000, தம்பியின் மரபணுப் பரிசோதனை 18,000, அதற்குப் பிறகு உறவினருக்கு ஆளுக்கு 4,000. இடத்துக்கு இடம் மாறும். முன்னாலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் நோய் உறுதியாகும் வரை காத்திராமல் இப்போதே எடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டவர்களை முதலில் சேர்த்துவிடுங்கள். எங்கள் தம்பி மனைவியின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தது. அதை மாற்றவே ஒரு மாதம். அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைத் திருப்பும் ஐ.சி.டி. கருவி வேண்டும் என்று சொன்னால் செலவு லட்சக்கணக்கில் போகும். எந்த மருத்துவமனையில் எவ்வளவு காப்பீட்டில் அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தனியார் காப்பீடு எடுப்பவர்கள் நோயை மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். மறைத்தது தெரிந்தால் அதுவும் கிடைக்காது.

10. அடுத்த தேதி

இன்றைக்கு நன்றாக இருந்தால் முடிந்தது என்று இல்லை. இந்த நோய் பருவ வயதிலும் வெளிப்படும், நாற்பதிலும் வெளிப்படும். மரபணு முடிவால் விடுபட்டவர்களைத் தவிர மற்றவர்களில், பிள்ளைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஈசிஜியும் எக்கோவும் திரும்ப எடுக்க வேண்டும். இடையில் மயக்கமோ, வேலை செய்யும்போது நெஞ்சுவலியோ, மூச்சிரைப்போ, படபடப்போ வந்தால் தேதிக்குக் காத்திராமல் உடனே. யாராவது மயங்கி விழுந்தால் 108-ஐக் கூப்பிட்டு, சொல்லும் முதல் வரியிலேயே "பரம்பரை இதயத் தசை நோய் உள்ள குடும்பம்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியரிடமும் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். எந்த விளையாட்டு ஆடலாம், எது கூடாது என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வரவு செலவு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, ஈசிஜி எடுத்த நாள், எக்கோவில் வந்த சுவர் அளவு, அடுத்து எப்போது. தை மாதம் முதல் வாரம் அதைப் புரட்டி அந்த வருடம் யார் யார் போக வேண்டும் என்று பார்த்துப் போன் செய்வது என் வேலை. இந்த வருடம் மூன்று பேர்: தம்பி மகன், தங்கையின் பெண் குழந்தைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது, இதுதான் அவளுக்கு முதல் ஈசிஜி. அவளுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்.